யாருக்கும் சொந்தமில்லாத நடுச்சுவர்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி என் வீட்டைக் கொண்டுபோனபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் பகுதியில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். பெண்ணைப் பெற்ற வாப்பா கட்டிக் கொடுக்கும் வீட்டில் பெண் இருப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். சொந்த வீடில்லாத பெண்ணைப் பற்றி ஊர் நல்லதாகவும் பேசாது, கெட்டதாகவும் பேசாது. பேசும்போது குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும். காற்று ஓய்ந்த காலையில் என் வீடு நின்ற இடத்தில் அடுப்புக் கற்களும் கிணறும்தான் மிச்சம். கூரையில் பாதி கிணற்றுக்குள் கிடந்தது.

அதன் பிறகு என்னைப் பெற்ற உம்மா வீட்டின் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு இருந்தோம். தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அந்த வீடு அவளுக்கு. ஆகவே, சூறாவளியில் வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் வாடகை வீடு கட்டிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக நானே போய்ப் பெயர் கொடுத்தேன். எந்தக் கந்தோர், அரசாங்கத்தின் எந்த அலுவலகம், அதைக் கட்டியது என்று எழுதப் போவதில்லை. அந்தக் கந்தோரைப் போலவே மற்றவையும் இருந்தன என்பதால் ஒன்றை மட்டும் சொல்வது அநியாயம்.

கல்முனைக்குத் தெற்கே, பெரிய றோட்டுக்கு மேற்குப் பக்கம், வயல் துண்டொன்றை நிரப்பி அந்த வீடுகளைக் கட்டினார்கள். ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கட்டியவர் எங்கள் ஊர்க் கொந்தராத்துக்காரர். எங்கள் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மரைக்காயர்மாரிலும் அவர் ஒருவர். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, நாலு முழத்துக்கு அப்பாலேயே வரும் அத்தர் வாசம். அவருடைய லொறி விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் இருந்து மணல் ஏற்றிக்கொண்டு வருவதை ஊரே பார்த்தது. ஆற்று மணலுக்குத் தூரம் போக வேண்டும். கடல் மணல் வீட்டு வாசலில் கிடக்கிறது. ஊர் பார்த்தது, பேசவில்லை. மரைக்காயரைப் பேசுவது பள்ளியைப் பேசுவது போல என்று ஒரு பயம். இப்படிப்பட்ட பயத்தைப் பக்தி என்று அழைப்பதற்கு எங்கள் ஊர் நன்றாகப் பழகியிருந்தது.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாடா வெட்டினார். தலைக்கு மேல் கூரை என்பது மனிதனின் உரிமை என்று பேசினார். அது நல்ல வசனம். கூரை இருந்தால் போதுமா, அதைத் தாங்கும் சுவரும் உரிமையில் சேர்த்தியா என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. சர்பத் குடித்துக் கைதட்டினோம்.

எனக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் வயலைப் பார்த்த பாதி வீடு. மற்றப் பாதி ஒரு விதவைக்கு. நாற்பது வயதிருக்கும். அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் இல்லை. தையல் மெஷின் ஒன்று இருந்தது, அதுதான் அவரைக் காப்பாற்றியது. பெருநாளுக்கு முந்திய நோன்பு மாதத்தில் அவர் வீட்டுச் சுவர் வழியாக மெஷின் ஓடும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் ஓயாமல் கேட்கும். அந்த வீட்டில் பிறந்த என் மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கப் பழகினாள். என் கணவர் மாவடிப்பள்ளியில் ஒரு நெல் மில்லில் வேலை செய்தார். காலையில் சைக்கிளில் போனால் தலைமுடியில் தவிட்டோடு பின்னேரம் வருவார். அதிகம் பேசாத மனிதர்.

முதல் மாரி மழையிலேயே நடுச்சுவரில் வெடிப்பு விழுந்தது. முதலில் தலைமுடி அளவு. பிறகு விரல் நுழையும் அளவு. வெடிப்பு மேலே போய், கூரையைத் தாங்கும் பெரிய வளை சுவரில் ஊன்றிய இடத்தில் முடிந்தது. மழை நாளில் சுவர் வேர்க்கும். தொட்டால் காரை மாவாக உதிரும். என் கணவர் ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புக் கரிக்கிது,” என்றார். பிறகு கையைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த மாரிக்குள் அந்த வெடிப்பு வழியாக ராத்தா வீட்டு விளக்கு வெளிச்சம் எங்கள் பக்கம் விழுந்தது. அவர் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கத்திலிருந்து ‘யர்ஹமுகில்லாஹ்’ என்று வாழ்த்துவேன். ஒருநாள் சீனி முடிந்துவிட்டது என்றேன். கடதாசியைச் சுருட்டி அதற்குள் சீனி போட்டு வெடிப்பு வழியாகவே தள்ளிவிட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த பிறகு அவர் மறுபக்கத்திலிருந்து சொன்னார்:

“சிரிக்கிற கதையில்லகா இது. தொட்டில அங்கால முன் அறைக்கு மாத்து. நாளைக்கே கந்தோருக்குப் போவம்.”

போனோம். முதலில் கந்தோர், கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரை அனுப்பியது. அவரும் நம்மூர் ஆள்தான். குடையை மடக்காமலேயே வாசலில் நின்று சுவரை எட்டிப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்றேன். சப்பாத்து கழற்ற வேண்டிவரும் என்று நினைத்தாரோ, சுவர் விழும் என்று நினைத்தாரோ, வரவில்லை.

“இது மேற்பூச்சில வெடிச்ச வெடிப்பு. பயப்பட ஒண்டுமில்ல,” என்றார்.

“கை போகுது,” என்றேன்.

“கைய ஏன் போடுறீங்க?”

அத்துடன் அவருடைய பரிசோதனை முடிந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். குடியிருப்பாளர்கள் ஆணி அடித்ததால் ஏற்பட்ட சிறு வெடிப்பு என்று அவர் எழுதிக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. அந்தச் சுவரில் ஆணியே இல்லை. ஆணி அடித்தால் காரையோடு விழும் என்பதால் நாங்கள் ஒரு கலண்டர்கூட அதில் மாட்டவில்லை.

அதன் பிறகு அதிகாரியையே பார்ப்பது என்று ராத்தாவும் நானும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம். அதிகாரி வெளியூர்க்காரர். படித்த மனிதர். எங்களை நிற்கவைத்துப் பேசவில்லை, கதிரை கொடுத்தார். இந்த மரியாதையைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மரியாதை கொடுத்ததால்தான் அவரிடம் நாங்கள் நீண்ட காலம் ஏமாந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“அம்மா, வாடகைச் சட்டம் தெளிவாக இருக்கிறது,” என்றார். “வீட்டின் வெளிப்புறத் திருத்தம் எங்களுடைய பொறுப்பு. உட்புறத் திருத்தம் குடியிருப்பவர்களுடைய பொறுப்பு.”

“சரி ஸேர். இந்தச் சுவர் உள்ளயா, வெளியிலயா?” என்று ராத்தா கேட்டார்.

“உங்கள் வீட்டுக்குள்தானே இருக்கிறது?”

“ஓம். மத்தப் பக்கம் இவட வீட்டுக்குள்ள இரிக்கி.”

“அப்படியென்றால் இரண்டு பக்கமும் உட்புறம்தான்.”

“அப்ப இந்தச் சுவருக்கு வெளிப்புறமே இல்லையா ஸேர்?”

அதிகாரி சிறிது நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, “அப்படித்தான் வருகிறது,” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாதாம். சுவர் கூரையைத் தாங்குகிறதாம், கூரை அரசாங்கச் சொத்தாம், அதைத் தாங்குவதைத் தொட அனுமதி வேண்டுமாம். அனுமதி அவரிடம் இல்லையாம். மேலே கேட்டிருக்கிறாராம். இப்படியாக அந்தச் சுவர் திருத்துவதற்கு எங்களுடையதாகவும், தொடுவதற்கு அவர்களுடையதாகவும் இருந்தது. உலகத்தில் எத்தனையோ கெட்டிக்காரத்தனங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுவரை இப்படி ஆளில்லாமல் ஆக்கிய கெட்டிக்காரத்தனம் வேறெங்கும் பார்க்கவில்லை.

என் கணவர் ஒரு மில் லீவு நாளில் கல்முனையில் வழக்குப் பேசும் ஒரு புரொக்டரைப் போய்ப் பார்த்தார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வீட்டுக்காரன் யார்?” என்று கேட்டிருக்கிறார். அரசாங்கம் என்றதும் சிரித்தாராம். தனியாள் வீடாக இருந்தால் வாடகைச் சபைக்கு இழுக்கலாம், இழுத்துத் திருத்துவிக்கலாம், அரசாங்கமே வீட்டுக்காரனாக இருந்தால் அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை என்றாராம். அதாவது கஞ்சனான ஒரு முதலாளியிடம் வாடகைக்கு இருந்திருந்தால் எங்களுக்கு உரிமை இருந்திருக்கும். எங்கள் நன்மைக்காகவே இருக்கிற அரசாங்கத்திடம் இருந்தபடியால் உரிமை தேவைப்படாது என்று சட்டம் எழுதியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இந்த நிலையில், முதலில் நாடா வெட்டிய அதே பெரியவர், திட்டத்தின் இரண்டாம் பகுதியைத் திறக்க மீண்டும் வருகிறார் என்று செய்தி வந்தது. கந்தோருக்கு உயிர் வந்தது. மாதக்கணக்காக எட்டிப் பார்க்காத ஓவசியர் ஒரே வாரத்தில் தினமும் வந்தார். சுண்ணாம்பு பீப்பாய்கள் வந்து இறங்கின. வேலையாட்கள் வந்தார்கள். றோட்டுப் பக்கம் தெரியும் சுவர்களுக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். பின்பக்கம் வயலைப் பார்க்கிறது, வயலிலிருந்து பெரியவர் வரப் போவதில்லை.

எங்கள் நடுச்சுவருக்கும் ஒரு கவனிப்புக் கிடைத்தது. பெரியவர் ஒருவேளை ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்க ஆசைப்பட்டால் என்ன செய்வது என்ற பயம். வேலையாள் ஒருவர் ஒரு கட்டுப் பழைய பேப்பரோடு வந்தார். அதை நனைத்து உருட்டி வெடிப்புக்குள் திணித்தார். மேலே சுண்ணாம்பைப் பூசினார். ராத்தா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

“பேப்பரா வைக்கிறீங்க, தம்பி?”

“ஓம் ராத்தா. அப்பிடித்தான் சொன்னாக.”

“எத்தின நாளைக்கி நிக்கும்?”

“வாறவர் போற வரைக்கும்,” என்றார் அந்த ஆள். அந்தத் திட்டத்தில் எங்களிடம் நேராகப் பதில் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

பெரியவர் வந்தார். மீண்டும் நாடா, மீண்டும் சர்பத். கொந்தராத்துக்காரர் அவருக்குப் பக்கத்தில் நின்று மாலை போட்டார். ராத்தா எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நல்ல சீலை உடுத்து முன்வரிசையில் போய் நின்றார். அதைக் கண்ட ஓவசியர் அவருடைய கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து மேடைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். தட்டு கையில் இருந்தால் பெண் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்த ராத்தா சீலையை மாற்றாமலேயே மெஷினில் உட்கார்ந்தார். அன்று அவர் மெஷினை ஓட்டிய வேகம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்த வருட மாரி கடுமையாகப் பெய்தது. வயலும் வீட்டைச் சுற்றிய வளவும் ஒன்றாகி, எங்கள் படிக்கட்டு வரை தண்ணீர் நின்றது. ஒரு பகல், லுஹர் பாங்கு சொல்லிச் சிறிது நேரம் ஆகியிருக்கும். நான் முன் அறையில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெல் மூட்டையை லொறியிலிருந்து கீழே போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஒரே தூசி. தூசி அடங்கும்போது நான் கண்டது ராத்தா வீட்டின் அந்தப் பக்கத்து யன்னல். அதற்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் முன் அறையில் இருந்துகொண்டு அவருடைய யன்னலைப் பார்க்கிறேன் என்பது எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ராத்தா தரையில் கிடந்தார். சுவர் மெஷின் மேசை மீது சாய்ந்து, மேசை அவருடைய காலை நசுக்கிப் பிடித்திருந்தது. மேசை மட்டும் இல்லாவிட்டால் சுவர் முழுவதும் அவர் மேல்தான் வந்திருக்கும். தலைக்கு மேலே பெரிய வளை ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“புள்ளையத் தூக்கிக்கு வெளியில போகா,” என்றார் என்னைப் பார்த்து. “என்னப் பாக்காத. கூரை வரும்.”

நான் பிள்ளையை வெளியே நின்றவர்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். அயல் ஆண்கள் வந்து மேசையைத் தூக்கினார்கள். கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் ராத்தாவைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்தம் போட்டு அழாத ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவது, அழுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதைவிட எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். என் கணவர் மில்லிலிருந்து வந்ததும் தென்னங்குற்றிகளைக் கொண்டுவந்து வளைக்கு முட்டுக் கொடுத்தார்.

ராத்தாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காலில் சாந்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவருடைய தம்பி தன் வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டார். அவர் போகவில்லை.

“நான் எழும்பிப் போனனெண்டா இந்த வீட்ட நாளைக்கே வேற ஒருத்தனுக்கு எழுதிக் குடுப்பானுகள்,” என்று சொல்லி, இடிந்த வீட்டுக்கே வந்து கட்டிலில் படுத்தார். கல்லையும் காரையையும் ஒரு பக்கமாகக் குவித்துவிட்டு நானே அவருக்கும் சேர்த்துச் சமைத்தேன். சுவர் இல்லாதபடியால் சுற்றிப் போகவும் தேவை இருக்கவில்லை.

கந்தோரிலிருந்து யாராவது வருவார்கள் என்று நினைத்தோம். வந்தார்கள். ஓவசியர் ஒரு கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். குடியிருப்பாளர்களின் கவனக்குறைவால் அரச சொத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். காலில் சாந்தோடு படுத்திருந்த பெண்ணிடம், சுவருக்கு என்ன செய்தாய் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் உட்புறமாக இருந்த சுவர், விழுந்தவுடன் அரச சொத்தாகிவிட்டது. அது நின்றபோது யாருக்கும் சொந்தமில்லை. விழுந்தால்தான் சொந்தக்காரர் வருவார் என்று முன்பே தெரிந்திருந்தால் நாங்களே தள்ளிவிட்டிருப்போம்.

அதற்கு மறுநாள் பள்ளியிலிருந்து மரைக்காயர்மார் வந்தார்கள். நாலைந்து பேர். நான் சந்தோஷப்பட்டேன். ஊருக்குப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள், இனிக் கந்தோர் பயப்படும் என்று நினைத்தேன். வெளியே வளவில் நின்றபடி ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“புள்ள, ஒரு விஷயம் கதைக்க வந்த நாங்க. சுவர் இல்லாம ரெண்டு வீடும் ஒண்டாக் கிடக்கு. அந்தப் பக்கம் ஒரு விதவைப் பொம்புள. இந்தப் பக்கம் ஒங்கட மாப்புள. அந்நிய ஆம்புள ஒருத்தர் ஒரே கூரைக்குக் கீழ இரிக்கிறது மார்க்கத்துக்குச் சரியில்ல. ஊர் கதைக்கும்.”

எத்தனையோ மாதமாகச் சுவர் விழப் போகிறது என்று ஊர் முழுவதும் சொன்னோம். ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் கால் முறிந்தது. ஒருத்தர் வரவில்லை. ஒரு பெண்ணின் தலைமுடியை ஒரு மில் தொழிலாளி கண்டுவிடுவாரோ என்றதும் வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தர் வாசத்தோடு கொந்தராத்துக்காரரும் நின்றார். அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். கூச்சத்தின் சாயல்கூட அதில் இல்லை.

“இப்போதைக்கி குறுக்கால ஒரு சீலையக் கட்டுங்களன்,” என்றார் அவர்.

உள்ளே கட்டிலில் இருந்து, அண்ணனைக் கூப்பிடும் மரியாதையோடு, ராத்தாவின் குரல் வந்தது:

“ஓம் காக்கா, கட்டுறம். நீங்க கட்டின சுவர விடச் சீலை பலம்தான். விழுந்தாலும் கால் முறியா.”

மற்ற மரைக்காயர்மாரில் ஒருவர் இருமினார். கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு, சுவர் எழும்பும் வரை என் கணவர் தன் உம்மா வீட்டில் போய் இருப்பது. அவர் மறுக்கவில்லை. ஒரு பையில் இரண்டு சாரனை வைத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண் உடுப்புப் பையோடு உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. தெருவில் கண்டவர்களெல்லாம் பெண்சாதி விரட்டிவிட்டாளா என்று கேட்டிருக்கிறார்கள். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். “கவர்மென்ற் விரட்டின எண்டு சொன்னன்,” என்றார். அவர் வேடிக்கையாகப் பகிடி விட்டு நான் கேட்டது மிகக் குறைவு. அது பகிடியா என்பதும் நிச்சயமில்லை.

அவர் போன அன்றுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை பயம், கவலை, அலுப்பு எல்லாம் இருந்தன. கோபம் அன்றுதான். ராத்தாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

“ராத்தா, வாடகை வீடு இடிஞ்சா குடியிருந்தவங்க எங்க போறது?”

அவர் என்னைப் பார்த்தார். “வீட்டுக்காரன்ட வீட்டுக்குத்தான்,” என்றார். “வேற எங்க?”

அடுத்த திங்கட்கிழமை காலை, அயலில் ஒருவரின் ட்ரெக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி ராத்தாவை ஏற்றினோம். திட்டத்தின் மற்றப் பெண்களிலும் பலர் ஏறினார்கள். அவர்களுடைய நடுச்சுவர்களும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தன. பிள்ளைகள், பாய்கள், தண்ணீர்க் குடம், ஒரு சாக்கில் இடிந்த சுவரின் துண்டுகள். கல்முனைச் சந்தையைத் தாண்டும்போது ஆட்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். கலியாண ஊர்வலமா, சாவு வீட்டு மையத்தா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கந்தோருக்குள் நேராகப் போய்ப் பாயை விரித்தோம். ராத்தா காலை நீட்டி, அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி எழுந்து நின்றார்.

“அம்மா, இது என்ன? இது கந்தோர்.”

“தெரியும் ஸேர். வீடு இடிஞ்சிட்டு. நீங்கதான் வீட்டுக்காரர். சுவர் கட்டி முடியும் வரைக்கும் இஞ்ச இரிக்க வந்த நாங்க.”

“இப்படிச் செய்ய முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்.”

“எந்த வீட்டுக்கு ஸேர்?”

அதிகாரியிடம் அதற்குச் சட்டம் இருக்கவில்லை. நான் சாக்கை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். சுண்ணாம்புக்குள் பேப்பர் உருண்டை அப்படியே இருந்தது. ஒரு சினிமா விளம்பரத்தில் பாதி முகம் தெரிந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர் குடையை எங்கோ வைத்துவிட்டதாகத் தேடத் தொடங்கினார்.

மதியமானது. கிளாக்குமார் சோற்றுப் பார்சல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பெண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அவிழ்க்க முடியவில்லை. ஒரு பிள்ளை அழுதது, ஒரு பிள்ளை மூலையில் சிறுநீர் கழித்தது. ராத்தா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவசரத் தையல் என்றார். யாரும் சத்தம் போடவில்லை. பொலிஸைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டதும், சாந்துக் காலைக் காட்டி அதிகாரி வேண்டாம் என்று கையசைத்ததும் எனக்குத் தெரிந்தது.

எங்களுக்கு விமோசனம் அவரிடமிருந்து வரவில்லை. ஊர்ப் பெண்கள், ஆண்கள் வேலை செய்யும் கந்தோரில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற செய்தி பள்ளிக்குப் போயிருந்தது. பின்னேரத்துக்குள் மரைக்காயர்மார் வந்து சேர்ந்தார்கள். அதிகாரியை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவை மூடினார்கள். வெளியே வந்தபோது கொந்தராத்துக்காரர் சிரித்த முகத்தோடு இருந்தார்.

“எழும்பி வீட்ட போங்க புள்ளைகள். சுவர நானே கட்டித் தாறன். அல்லாஹ்வுக்காக.”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் அவருக்காகத் துஆ கேட்டுப் பிரார்த்தித்தார்களாம். ஒரு விதவைக்குத் தன் சொந்தச் செலவில் சுவர் கட்டிக் கொடுக்கும் கொடையாளி என்று. முதலில் அந்தச் சுவரை அரசாங்கக் காசுக்குக் கட்டியவரும் அவர்தான் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. அந்தத் துஆவுக்கு ஆமீன் சொன்னீர்களா என்று என் கணவரிடம் கேட்டேன். “பக்கத்தில ஆள் இரிந்த,” என்றார்.

கட்ட வந்த நாளில் ராத்தா கதிரையை வாசலில் போட்டு, காலை ஒரு பெட்டியில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். முதல் லொறி மணலை இறக்க விடவில்லை.

“இத எங்க அள்ளின நீங்க?”

“மணல்தானே ராத்தா.”

ராத்தா ஒரு பிடி வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“கடல் மணல். திருப்பிக் கொண்டு போங்க. ஆத்து மணல் வந்தாத்தான் இஞ்ச வேலை.”

மேசன்மார் கொந்தராத்துக்காரரிடம் ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து வாசலில் நின்றார். சதகா என்று தர்மம் கொடுப்பவரின் மணலை விதவை சுவைத்துப் பார்ப்பதா என்று அவருக்குக் கோபம். ஆனால் வாசலைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். வெள்ளிக்கிழமைத் துஆ இன்னும் சூடாறவில்லை. லொறி திரும்பிப் போய் ஆற்று மணலோடு வந்தது. சுவர் எழும்பியது. என் கணவர் பையோடு திரும்பி வந்தார். மற்ற வீடுகளின் சுவர்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்குத் துஆ கிடைக்காது என்பதால் கொந்தராத்துக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாரிகளில் இன்னும் இரண்டு விழுந்தன. நல்ல காலம், ஆட்கள் வெளியே இருந்தார்கள்.

ராத்தாவின் கால் நேராகவில்லை. அந்தக் காலால் மெஷின் மிதிக்க முடியாமல் மற்றக் காலால் பழகினார். வேகம் பாதியாகியது. இதற்கு அந்தக் கந்தோர் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. விளக்கம் கேட்ட கடிதத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அதை எங்களுக்குச் செய்த பெரிய தயவாக ஓவசியர் பல இடங்களில் பேசிக்கொண்டார்.

எண்பதுகளின் இறுதியில் இன்னொரு பெரியவர் வந்தார். வாடகைக்காரர்கள் என்ற பெயர் இனி வேண்டாம், இந்த வீடுகள் உங்களுக்கே சொந்தம் என்று மேடையில் வீட்டு உறுதிப் பத்திரங்கள் வழங்கினார். ஆட்கள் கண்ணீர் விட்டார்கள். நானும் வாங்கினேன். வாங்கும்போது எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கத் தேவையில்லை. ராத்தா நொண்டிக்கொண்டு மேடை ஏறித் தன்னுடையதை வாங்கி, படி இறங்கும்போது உறுதியை மடித்துச் சீலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்த மாரியில் கூரையின் அஸ்பெஸ்டஸ் தகட்டில் ஓர் ஓட்டை விழுந்து குசினிக்குள் அடுப்பு மேல் மழை கொட்டியது. பழைய பழக்கத்தில் கந்தோருக்குப் போனேன். அதிகாரி மாறியிருந்தார். புதிய கிளாக்கு நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

“அது இப்ப ஒங்கட வீடுதானே,” என்றார்.

வெளிப்புறமும் உட்புறமும் அத்தனையும் இப்போது எங்களுடையவை. ஒழுகத் தொடங்கிய கூரைகளையும் உப்புக் கரிக்கும் சுவர்களையும் அரசாங்கம் எங்கள் கையில் தந்துவிட்டுத் தன் பொறுப்பைக் கழுவிக்கொண்டது. அதற்குக் கைதட்டியும் அனுப்பியிருந்தோம். திரும்பி வரும் வழியில் தார்க் கட்டியும் ஒரு துண்டுத் தகரமும் வாங்கினேன். மழை விட்டதும் என் கணவர் ஏணி வைத்து மேலே ஏறினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா உள்ளே நின்று அண்ணாந்து, வெளிச்சம் வரும் இடத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வடக்கால,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.